முந்தி வந்த சிக்னல்

சிப்பு வடிவமைக்கும் எங்கள் நீஷ் நகர அலுவலகத்தில் ராட்மிலாவுக்கு ஒரே வேலைதான். சிப்புக்குள் நெருங்கி ஓடும் கம்பிகளில் ஒன்று துடித்தால், பக்கத்துக் கம்பியின் சிக்னல் எவ்வளவு பிந்துகிறது, எவ்வளவு முந்துகிறது என்று பார்ப்பது. மென்பொருள் ஆயிரக்கணக்கான இடங்களில் குறை சொல்லும். "இவை இரண்டும் ஒரே நேரத்தில் துடிக்காது, விடலாம்" என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். நாங்கள் நூறு நூறாகத் தள்ளுவோம். அவள் ஒவ்வொன்றாகப் படிப்பாள். முசுடு என்று அவளுக்குப் பெயர் வைத்தவன் நான்தான்.

காது கேட்கும் கருவிக்கான சிப்பின் வரைபடத்தை அந்த வெள்ளிக்கிழமை தயாரிப்பு ஆலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பும் நாளில் முழுப் பன்றியைச் சுட்டுத் தின்பது எங்கள் முறை. அன்றே ராட்மிலாவைக் குழுத்தலைவியாக அறிவிப்பதாக மேலாளர் நெபோய்ஷா சொல்லியிருந்தான். பதினெட்டு வருடம் கழித்து வரும் பதவி.

அன்று காலையில் அலுவலகக் கொல்லையில் தணல்மேல் பன்றி சுழன்றுகொண்டிருந்தது. ராட்மிலா வெளுத்த முகத்தோடு வந்து நின்றாள்.

"தப்புப் பண்ணிட்டேன், நெபோய்ஷா."

மார்ச்சில் அவள் 'விடலாம்' என்று கையெழுத்திட்ட ஒரு ஜோடிக் கம்பி. ஒன்று தூங்கும்போதுதான் மற்றது ஓடும் என்பது காரணம். பிறகு சிப்பை எழுப்பும் முறையை மாற்றினார்கள். தகவல் அவளுக்கும் வந்தது. பழைய பட்டியலை அவள் திரும்பப் பார்க்கவில்லை. இப்போது எழும் கணத்தில் இரண்டும் சேர்ந்தே துடிக்கும். பக்கத்துக் கம்பி தள்ளிவிட, சிக்னல் முந்திப் போய்ப் பழைய தகவலை அழித்துவிடும்.

"சிக்னல் லேட்டா வந்தா சிப்போட வேகத்தக் குறைச்சு ஓட்டிக்கலாம். முந்தி வந்தா மருந்தே கிடையாது" என்றாள்.

"ஆயிரத்துல ஒரு சிப்பு பழுதாகும். யாருக்குத் தெரியப்போவுது? இன்னிக்குத் தவறவிட்டா ஆலையில அடுத்த இடம் ரெண்டு மாசம் கழிச்சுத்தான்!"

"முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கச் சொல்றியா?"

"பன்னி வெந்தாச்சு, ராட்மிலா!"

"பன்னியத் தின்னுங்க. சிப்பு போகாது."

"அப்போ இன்னிக்கு உங்க பேர நான் சொல்ல மாட்டேன்."

"சொல்லாத."

எங்கள் கண் முன்னாலேயே தன் கையெழுத்தை ரத்து செய்தாள். அது இல்லாமல் கோப்பு நகராது. பன்றியை எல்லோரும் தின்றோம். அவளும் ஒரு தட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எனக்கு அவள்மேல் வந்த மரியாதையை அன்றே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

பத்து நாளில் கம்பிகளை விலக்கி, எல்லாவற்றையும் மறுபடி சரிபார்த்தாள். இரண்டு மாதம் காத்திருந்து வரைபடம் ஆலைக்குப் போனது. தலைவர் பதவி எனக்கு வந்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

இலையுதிர் காலத்தில் ஆலையிலிருந்து சிப்பு வந்தது. மின்சாரம் கொடுத்ததும் ஓடியது. குளிரிலும் சூட்டிலும் ஓடியது.

"பாத்தீங்களா? ஒரு கோளாறும் இல்ல. ரெண்டு மாசத்த வீணாக்கிட்டீங்களே" என்றான் நெபோய்ஷா.

கம்பிகளை விலக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று காட்ட அவளிடம் ஒரு சிப்புகூட இல்லை.

"ஓடுதுல்ல?" என்று கேட்டுவிட்டு, அவள் தன் மேசைக்குப் போனாள்.