வயிற்றில் கட்டிய கிருமித் தட்டு

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். மலேசியாவில், சபாக் போகும் சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு தோட்ட ஆஸ்பத்திரியில் நான் கிருமி பொறுக்கிக்கொண்டிருந்தேன். பொறுக்குவது என்றால், புண்ணைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, அதில் ஒட்டி வருவதைத் தட்டில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது என்று பார்ப்பது. இதுதான் என் ஆராய்ச்சி. கிருமி என்றால் எனக்குக் குலை நடுங்கும் என்பதை வேலைக்கு எடுத்தவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அங்கே ஒருவர் கால் வீங்கிப் படுத்திருந்தார். எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையில் குலை வெட்டுகிறவர். உளி வழுக்கிப் பாதத்தில் இறங்கிவிட்டது. வந்தபோது காயம் சின்னதுதான். வார்டில் படுத்த பிறகுதான் பெரிதானது. அங்கேயே குடியிருந்து, போடுகிற ஊசியையெல்லாம் தின்று பழகிய கிருமி அதில் ஏறிவிட்டது. டவுன் டாக்டர், ஆஸ்பத்திரியை நடத்திவந்த டிரஸ்ஸரிடம் போனில் சொல்லிவிட்டார்: நாளை மத்தியானம் ஆம்புலன்ஸோடு வருகிறேன், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம்.

நான் போனைப் பிடுங்காத குறையாக வாங்கி, இந்தக் கிருமிக்குக் கேட்கிற மருந்து ஒன்றைக் கண்டுபிடித்தால் என்ன செய்வீர்கள் என்றேன்.

“வரும்போது தட்டக் காட்டுங்க. ஒன்னும் இல்லன்னா ஏத்திக்கிட்டுப் போயிடுவேன்.”

அன்று சாயங்காலமே அவருடைய கிருமியை இரண்டு தட்டுகளில் பூசி, மருந்து தோய்த்த காகிதப் பொட்டுகளை மேலே வைத்து, நான் கொண்டுபோயிருந்த சூட்டுப் பெட்டிக்குள் வைத்தேன். எந்தப் பொட்டைச் சுற்றிக் கிருமி முளைக்காமல் வெறுமையாக இருக்கிறதோ, அந்த மருந்து கேட்கும். உடம்புச் சூட்டிலேயே மத்தியானம்வரை கிடந்தால்தான் பார்த்துச் சொல்ல முடியும்.

விடிந்து பார்த்தால் ஜெனரேட்டர் படுத்துவிட்டது. பெல்ட் அறுந்ததாம். புது பெல்ட்டுக்குச் செகிஞ்சானுக்கு ஆள் போயிருந்தது. வெளியே மழை. பெட்டி ஆறிக்கொண்டிருந்தது.

நான் நான்கு முறை பெட்டியைத் திறந்து பார்த்து, இருந்த சூட்டையும் வெளியே விட்டேன். பிறகுதான், உடம்புச் சூடு வேண்டுமென்றால் உடம்பு ஒன்று சும்மாதானே நிற்கிறது என்று தோன்றியது. தோன்றிய கையோடு, வேறு யாருடைய உடம்பையாவது கேட்கலாமா என்றும் தோன்றியது. யாரும் அகப்படவில்லை. தட்டுகளைப் பிளாஸ்திரியால் ஒட்டி, அதன்மேல் ஒட்டி, அதற்கும் மேல் ஒட்டி, வயிற்றில் வைத்து பேண்டேஜால் சுற்றிக்கொண்டு, அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன்.

டிரஸ்ஸர், யாழ்ப்பாணத்துக்காரர், வந்து பார்த்தார். “அசையாமல் இரும் தம்பி. அடைகாக்கிற கோழி இப்பிடித் துள்ளாது.”

“தட்டு கசியுது ஐயா. வயிறு ஈரமா இருக்கு.”

“உம்மட வேர்வைதான்.”

“கிருமியா இருந்தா?”

“அப்பிடியெண்டால் அடுத்த கட்டில் உமக்குத்தான். நல்ல காத்து வரும்.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்புள் அரித்தது. சொறிந்தால் தட்டு நகரும். சொறியாவிட்டால் அது கிருமி உள்ளே இறங்குகிற அரிப்பாகவே பட்டது. என் சாவுக்கு யார் யார் வருவார்கள் என்று கணக்குப் போட்டேன். கூட்டம் குறைவாகத்தான் இருந்தது.

கட்டிலில் இருந்தவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “சார், ஆடாதீங்க லா. எங் காலு உங்க வயித்துலதான் இருக்கு.”

அதன்பிறகு நான் ஆடவில்லை.

அவர் மனைவி தன் சாரோங் கைலியைக் கொண்டுவந்து என் தோளில் போர்த்தினார். “காலு போனா வேல வாங்குற மண்டோர் பேர வெட்டிருவாரு சார். வேல இல்லன்னா லயத்துல வீடு இல்ல. மூனு புள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவேன்?” மெதுவாகத்தான் கேட்டார். நான் வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மத்தியானம் ஆம்புலன்ஸ் சேற்றை வாரி இறைத்துக்கொண்டு வந்து நின்றது. டாக்டர் நனைந்த சட்டையோடு உள்ளே வந்து கையை நீட்டினார். அடுக்கடுக்காக ஒட்டியிருந்ததில் எனக்குப் பிளாஸ்திரி உரியவில்லை. டிரஸ்ஸர் உரித்துக் கொடுத்தார். டாக்டர் தட்டை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

“கண்ணத் திறந்து பாருங்க” என்றார்.

முதல் தட்டு முழுக்கப் பால் ஏடு மாதிரி கிருமி. ஒரு பொட்டையும் மதிக்கவில்லை. இரண்டாவதிலும் அப்படியே, ஒரே ஒரு பொட்டைத் தவிர. அதைச் சுற்றி ஐந்து சென் காசளவுக்கு வட்டமாகத் தெளிந்திருந்தது.

“எங்க வச்சு வளத்தீங்க?”

“அவரிட்டயே கேளுங்கோ” என்று டிரஸ்ஸர் என் வயிற்றைக் காட்டினார். டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அந்த மருந்து டவுனில்தான் இருந்தது. சீட்டு எழுதி டிரைவரிடம் கொடுத்தார். ஆம்புலன்ஸ் ஆளில்லாத ஸ்ட்ரெச்சரோடு திரும்பிப் போனது. பொழுது சாய்வதற்குள் அது மருந்தோடு வந்தது. அதுவரை அந்த மனைவி வாசலைவிட்டு நகரவில்லை.

இரண்டு கால்விரல்கள் போயின. கால் போகவில்லை. சில வாரம் கழித்து அவர் தடியூன்றி லயத்துக்கு நடந்தார். பையைத் தூக்கிக்கொண்டு மனைவி விறுவிறுவென்று முன்னால் போக, “கொஞ்சம் நில்லு லா” என்று திட்டிக்கொண்டே அவர் பின்னால் போனார்.