மஞ்சள் பட்டையில் என் பெயர்

ஒரு மருத்துவமனையின் புறநோயாளிகளுக்கு டோக்கன் கொடுக்கும் ஜாவா நிரலைப் பதினோரு வருடமாக நான் பார்த்துக்கொள்கிறேன். சில மாதங்களுக்கு முன் அது காலைக் கூட்டத்தில் திணற ஆரம்பித்தது. கவுன்ட்டரில் ஜனங்கள் சத்தம் போடுவதாகத் தினமும் போன் வந்தது.

மேனேஜர் காரணம் கேட்டார். "புதுசா வந்த பொண்ணு கை வெச்சதுக்கு அப்புறம்தான் சார்" என்றேன். மண்ணச்சநல்லூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறவள். அந்த மாதம் அவளுக்கு வேலை நிரந்தரமாகியிருக்க வேண்டும். மூன்று மாதம் தள்ளிப்போட்டார்கள். அதற்குள் சரியாகாவிட்டால் வேலை போய்விடும்.

ப்ரொஃபைலரில் ஓட்டிப் பார்த்துத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நிரலின் எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பட்டைகளாகக் காட்டும் கருவி அது. வேலை நடக்கிற நேரத்தை மட்டும்தான் அது கணக்கெடுக்கும். அவள் எழுதிய பகுதி அகலமாகத் தெரிந்தது. அதோடு நிறுத்திக்கொண்டேன். அதே மாதம் மருத்துவமனையில் இன்னும் நான்கு கவுன்ட்டர் திறந்திருந்தார்கள். அதை நான் நினைத்தே பார்க்கவில்லை.

போன வாரம் அந்தக் கருவியின் புதிய பதிப்பு வந்தது. நிரல் சும்மா நிற்கிற நேரத்தை இது மஞ்சளில் காட்டுகிறது. நிரலை ஓட்டிய இரண்டு பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுகிறது. பட்டையைத் தொட்டால் அந்த வரியைக் கடைசியாக எழுதியவரின் பெயரைச் சொல்கிறது. அவள் கை வைப்பதற்கு முந்தைய நிரலையும் பிந்தையதையும் இதில் ஓட்டி ஒப்பிட்டேன். அவள் செய்த மாற்றத்தால் நிரல் கொஞ்சம் வேகமாகித்தான் இருந்தது. இரண்டிலும் மாறாமல் இருந்தது ஒரு தடித்த மஞ்சள் பட்டை மட்டும்.

தொட்டேன். என் பெயர் வந்தது.

எட்டு வருடத்துக்கு முன், ஒரே டோக்கன் இரண்டு தடவை அச்சானதால், ஒவ்வொரு டோக்கனுக்கும் இரண்டு நொடி நிற்கும்படி எழுதி வைத்திருக்கிறேன். மேலே குறிப்பு: தற்காலிகம், நாளைக்கு எடுத்துடணும். மகளுக்குக் காய்ச்சல் என்று ஸ்கூலிலிருந்து போன் வந்து, பாதி வேலையில் ஸ்ரீரங்கம் ஓடிய நாள் அது. மறுநாள் மறந்துவிட்டேன். கவுன்ட்டர்கள் குறைவாக இருந்தவரை அது யாருக்கும் தெரியவில்லை; நான்கு கூடியதும் எல்லாம் அந்த இரண்டு நொடிக்காக ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றிருக்கின்றன.

அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"இந்த வரிய போன மாசம் நிரலப் படிக்கும்போதே பாத்தேன் மேடம்."

"ஏன்மா சொல்லல?"

"குறிப்புல உங்க பேர் இருந்துச்சு. ஏதாவது காரணம் இருக்கும்னு விட்டுட்டேன்."

என் மகள் இப்போது சென்னையில் முதல் வேலையில் இருக்கிறாள். அவளை யாராவது எதற்காவது மாட்டிவிடுவார்களோ என்று எனக்குத் தினமும் பயம். பெரியவர்கள் எழுதியதில் கை வைக்காதே, கேள்வி கேட்டுப் பகைத்துக்கொள்ளாதே என்று போனில் நான்தான் ஓதுகிறேன். இவள் அம்மாவும் அதையேதான் சொல்லி அனுப்பியிருப்பாள். இவள் அப்படியே கேட்டு நடந்திருக்கிறாள். மாட்டிவிட்டது நான்.

மறுநாள் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மேனேஜர் சிரித்தார். "விடுங்க மேடம், இதெல்லாம் சகஜம்." என் விஷயம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அவள் விஷயத்தைக் கேட்டதற்கு, தள்ளிப்போட்ட லெட்டர் மேலிடத்துக்குப் போய்விட்டது, மாதக் கடைசியில் பார்ப்போம் என்றார். அந்த மஞ்சள் பட்டையின் படத்தையும் சேர்த்து, தவறு என்னுடையது என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்பியிருக்கிறேன். இதுவரை பதில் இல்லை.

ஒரே டோக்கன் இரண்டு தடவை அச்சாகும் கோளாறை அவள் ஏற்கெனவே தன் மாற்றத்தில் சரிசெய்திருந்தாள். அந்த இரண்டு நொடிக்கு இனி அவசியமே இல்லை. நான் எடுத்தால், சரிசெய்தவர் என்றும் என் பெயர்தான் பதிவாகும். கீபோர்டை அவள் பக்கம் தள்ளி, "நீயே எடும்மா" என்றேன்.

வரியை அழித்தாள். பிறகு தயங்கி, "மேல இருக்கிற உங்க குறிப்பையும் எடுத்துடவா மேடம்?" என்று கேட்டாள்.

"எடுத்துடும்மா" என்றேன்.