நான்கு பலகையும் ஓர் 'ஆகவே'யும்

துறைமுக வீதியில் உப்புக்காற்றுக்கு அசையாமல் நிற்கும் மாடிக்கடை நான் கட்டியது. பாலம் இல்லாத காலத்தில் சீமெந்தைப் படகில் ஏற்றி, நனையாமல் இறக்கி, கிண்ணியாவில் அரிசி ஆலை எழுப்பினேன். கந்தளாயில், நிற்காது என்று படித்தவர்கள் சொன்ன சுவரில் இன்றைக்கும் பந்தடிக்கிறார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவனின் வேலை இவ்வளவு. இவற்றோடு ஒரு நிரூபணமும் உண்டு. அதை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

என் மனைவியின் தம்பி கணித ஆசிரியர். செங்கோண முக்கோணத்தின் சிறிய பக்கங்கள் இரண்டின் வர்க்கங்களைக் கூட்டினால் நீண்ட பக்கத்தின் வர்க்கம் வரும் என்று அவர் கரும்பலகையில் நிரூபிப்பார், பிள்ளைகள் பாடமாக்குவார்கள். ஒருவருக்கும் விளங்காது. பள்ளிக்கூடத்தைச் சோதிக்க வித்தியாதரிசி வரப்போகிறார் என்றதும் என் வேலைத்தளத்துக்கு ஓடிவந்தார். வருகிறவர் பிள்ளைகளிடம் "ஏன்?" என்று கேட்டுவிட்டால் அவருடைய பதவி உயர்வு போச்சு.

"இதுக்கோ இந்தப் பயம், தம்பி?" என்று கயிற்றில் மூன்று முழம், நாலு முழம், குறுக்கே ஐந்து முழம் பிடித்துக் காட்டினேன். அத்திவாரத்துக்கு மூலை பார்ப்பது அப்படித்தான்.

"அத்தான், இது ஒரு முக்கோணத்துக்குத்தான் சரி. மற்றதுகளுக்கு?"

"மற்றதுகளில நான் வீடு கட்டுறேல்லை."

அவர் சிரிக்கவில்லை. தேத்தண்ணி வந்தது; வைக்க இடமில்லை. ஒரே அளவான நான்கு செங்கோண முக்கோணப் பலகைகள், கடல் ஈரத்தில் வளையாமல் இருக்க, நான் அடித்த சதுரச் சட்டத்துக்குள் மூலைக்கு ஒன்றாக இறுகிக் கிடந்தன. நடுவில் சரிந்த ஒரு சதுர வெளி. அதற்குள் கேத்தலை வைத்தால் தட்டுக்கு இடமில்லை. பலகைகளை இரண்டிரண்டாகச் சேர்த்து, நீள்சதுரங்களாக்கி, எதிர் மூலைகளுக்குத் தள்ளினேன். இப்போது நேரான இரண்டு சதுர வெளிகள். சின்னதில் கேத்தல், பெரியதில் தட்டு.

அவர் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அத்தான், சட்டம் மாறேல்லை. பலகையும் அதே நாலுதான். ஆகவே மிச்ச வெளியும் அதேயளவு. முந்தின சதுரம் நீண்ட பக்கத்தின்ர. இந்த ரெண்டும் சின்னப் பக்கங்களின்ர. எந்தச் செங்கோண முக்கோணத்துக்கும் இது சரி."

"அதைத்தானே நான் செய்து காட்டினனான்."

சட்டமும் பலகைகளும் என் கைவண்டியில் பள்ளிக்கூடம் போயின. பிள்ளைகள் பலகைகளை நகர்த்தினார்கள், வித்தியாதரிசி மகிழ்ந்தார், பதவி உயர்வும் கிடைத்தது. வகுப்புச் சுவரில் அந்தப் படத்தை வரைந்து கீழே ஆசிரியரின் பெயரை எழுதினார்கள். என் பெயர் எங்கே என்று கேட்டேன்.

"அத்தான், நீங்கள் தேத்தண்ணி வைக்கவல்லோ இடம் தேடினீங்கள்?"

ஓம். மீனுக்கு வலை வீசியவனுக்கு முத்து அகப்பட்டால் அது கரையில் நின்றவனுடையதா? பலகை என்னுடையது, சட்டம் என்னுடையது, நகர்த்திய கையும் என்னுடையது. அவர் சேர்த்தது ஓர் 'ஆகவே'. அடுத்த முறை அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துப் படத்தைத் திரும்ப வரையும்போது, அதன் கீழே என் பெயரையும் எழுத வேண்டும். அவருடைய பெயருக்கு மேலே.