மண்டபத்தின் பெயரில் எழுதிய கார்கள்

போன வருடம் மார்ச் மாதம், தென் லண்டனில் நான் வேலை செய்யும் குப்பை மையத்தின் சாப்பாட்டு அறையில் ஒரு கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்களைச் சொல்கிறேன். கவுன்சிலின் திட்ட அதிகாரி, ஒரு வெள்ளைக்காரப் பெண். அவருடன் வந்த பொறியியலாளர், மலேசியத் தமிழர். பக்கத்து மண்டபத்தை நடத்தும் அம்மா, இந்தோனேசியாவின் அச்சே பகுதியைச் சேர்ந்தவர். கடைசியாக நான், இலங்கைத் தமிழன். வாசலில் நின்று கார்களை உள்ளே விடுபவன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன்.

சனங்கள் வீட்டுக் குப்பையைக் காரில் கொண்டுவந்து போடும் இடம் எங்களுடையது. சனிக்கிழமைகளில் வரிசை தெருவை அடைத்துவிடும். அதனால் மையத்தைப் பெருப்பிக்கத் திட்டம் போட்டிருந்தார்கள். மண்டபத்தை இடித்தால் கார் வரிசைக்கு இரண்டு பாதைகள் கிடைக்கும்.

தகரக் கூரை மண்டபம். ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் நாங்கள். சனிதோறும் அச்சேக்காரர் அங்கே கூடுவார்கள். பிள்ளைகள் வரிசையாக முழங்காலிட்டு இருந்து, நெஞ்சிலும் தொடையிலும் தட்டித் தங்கள் மொழியில் பாடுவார்கள். ஆண்கள் தோல் கட்டிய வட்ட மேளம் அடிப்பார்கள். எனக்கு அது வெறும் இரைச்சல்.

மேளச் சத்தத்தால் மூன்று இடங்களிலிருந்து தங்களை வெளியேற்றிவிட்டார்கள் என்றார் அந்த அம்மா. இங்கே அயல் வீடு இல்லை, குப்பை முறைப்பாடு செய்வதில்லை என்று சொல்லிச் சிரித்தார். கூடச் சிரிக்க ஒருவரும் இல்லை.

அதிகாரி ஒரு கட்டுத் தாளை மேசையில் வைத்தார். வாசலில் நான் எழுதிவைக்கும் பதிவுப் புத்தகத்தின் பிரதி. சனிக்கிழமைகளில் எல்லாம் ஒரே வரி. தெரு அடைப்பு, காரணம் மண்டபத்துக் கார்கள்.

பொறியியலாளர் என் பக்கம் திரும்பினார். "நல்லா எழுதி வச்சிருக்கீங்க அண்ணே. இந்த புக்கு இல்லன்னா நாங்க திண்டாடியிருப்போம்."

மேசையில் கிடந்த என் கையெழுத்தைப் பார்த்தேன்.

தெருவை அடைத்த கார்களில் பெரும்பாலானவை எங்கள் ஆட்களுடையவை. பெண்பிள்ளைகளின் சாமத்தியவீடு, பிறந்தநாள் முடிந்து அலங்காரச் சாமான், தட்டு, பெட்டி எல்லாம் ஏற்றிக்கொண்டு முன்கூட்டியே எடுக்க வேண்டிய புக்கிங் இல்லாமல் வருவார்கள். "அண்ணை, எங்கட ஆள்தானே, அஞ்சு நிமிசம். எழுதிப்போடாதேங்கோ" என்பார்கள். புத்தகத்தில் ஏதாவது காரணம் எழுத வேண்டும். ஊர்க்காரரைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. மண்டபம் என்று எழுதினேன். யாருக்கு நட்டம் என்று நினைத்தேன். இப்படி இரண்டு வருடம்.

அந்த அம்மா சண்டை பிடிக்கவில்லை. டிசம்பர் இருபத்தாறு வரைக்கும் மண்டபத்தை விட்டுவைக்க ஏலுமா என்று மட்டும் கேட்டார். அன்று முற்றத்தில் பெரிய கிடாரம் வைத்து, சுனாமியில் கடல் கொண்டுபோனவர்களுக்காக ஆண்கள் சமைப்பார்களாம். பிள்ளைகள் பக்கத்தில் நின்று சமையலைப் பழகுவார்களாம்.

அந்தத் திகதி எனக்கும் தெரியும். எங்கள் கரைக்கும் அன்றுதான் கடல் வந்தது.

எழும்பினேன். "மேடம், புக் பிழை" என்றேன். அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

பொறியியலாளர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "அண்ணே, யோசிச்சுப் பேசுங்க. வேலை போயிரும்."

"போகட்டும் தம்பி. நான் எழுதினது பொய். எங்கட ஆக்களின்ர கார்களை இவையின்ர தலையில போட்டிட்டன். மேடத்துக்கு வடிவா விளங்கப்படுத்துங்கோ."

அவர் என் சட்டையை விட்டார். பிறகு ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொன்னார். அதிகாரி தாள்களை மூடினார். எட்டுச் சனிக்கிழமை கார்களைத் திரும்ப எண்ணச் சொன்னார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரத்தான் வேண்டும்.

அடுத்த சனி அந்த அம்மாவும் எண்ணி எழுத ஒரு கொப்பியோடு வாசலுக்கு வந்தார். என்னை நம்பவில்லை. நம்ப என்ன காரணம் இருக்கிறது? மழையிலும் இருவரும் தனித்தனியாக எண்ணினோம். அச்சேக்காரர் மேளத்தையும் தூக்கிக்கொண்டு டிராமில் வருகிறார்கள் என்பதை அப்போதுதான் கண்டேன்.

எங்கள் ஆட்களையும் எழுதினேன். ஒருவர் கார்க் கண்ணாடியை இறக்கி, "அண்ணையும் வெள்ளைக்காரனா மாறிட்டார்" என்றார்.

"ஓம். நீங்கள் புக்கிங் போட்டுக்கொண்டு வாங்கோ" என்றேன்.

எட்டாம் சனி இரண்டு கொப்பிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றும் வித்தியாசமில்லை. திட்டத்தை மாற்றினார்கள். வரிசைப் பாதையை எங்கள் முற்றத்துக்குள்ளேயே வளைத்துப் போட்டார்கள். மண்டபம் நிற்கிறது.

படிக்காத என் கை எழுதும் ஒரு வரி ஒரு கூரையை இறக்கும் என்று இப்போது தெரியும். ஒவ்வொரு சனியும் பேனை எடுக்கும்போது அந்தக் கணக்குத்தான் நினைவுக்கு வருகிறது. அந்த எட்டுச் சனியிலும் தெருவை அடைத்த கார்கள் நூற்றுப் பதினாறு. அவற்றில் மண்டபத்துக்கு வந்தவை நான்கு.