தொண்டை கட்டிய ஞாயிறு

வாசிப்பவர்களின் பட்டியல் வாட்ஸ்அப்பில் வந்தபோது என் பெயரை இரண்டு தரம் பார்த்தேன். அந்த ஞாயிறு தமிழ்ப் பூசையில் முதலாம் வாசகம் என்னுடையது. பழைய இஸ்ரயேலில் ஆடு மேய்த்த ஓர் இறைவாக்கினர் பணக்காரரைப் பிடித்து ஏசுகிற பகுதி. மெத்தையில் சாய்ந்து கிடக்கிறீர்கள், கொழுத்த ஆட்டுக்குட்டி தின்கிறீர்கள், உங்கள் சனம் அழிவதில் ஒரு கவலையும் இல்லை, முதலில் சிறைபிடிபட்டு நாடுவிட்டுப் போகப்போவது நீங்கள்தான் என்று மனுசன் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை.

வேறு வருடமென்றால் ஏற்ற இறக்கத்தோடு வாசித்து நல்ல பெயர் எடுத்திருப்பேன். அந்த வாரம்தான் நாங்கள் தோல் செற்றி, சாய்ந்து இருக்கிற சோபா, ஓடர் பண்ணியிருந்தோம். பட்டனை அழுத்தினால் காலை நீட்டிப் படுக்கலாம். எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டின் பேஸ்மென்றை, அந்த நிலக்கீழ்த் தளத்தை, படம் பார்க்கும் அறையாக்குவது கணவரின் ஆசை. என்னுடையதும்தான், பொய் ஏன் சொல்ல.

"முப்பது வருசம் ஓடினது காணும். இனியாவது காலை நீட்டுவம்" என்றார்.

பேஸ்மென்றில் மன்னாரிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. புருசன், பெண்சாதி, பள்ளிக்கூடம் போகும் மகள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. மாத முடிவில் வீட்டை விட்டு எழும்பச் சொல்லியிருந்தோம், சட்டப்படி முன்கூட்டியே அறிவித்துத்தான். இடம் இன்னும் கிடைக்கவில்லை. குளிரும் வரப்போகிறது.

அவர்களும் அதே பூசைக்குத்தான் வருவார்கள். அந்தத் தாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதை எப்படி வாசிப்பது? இரண்டு நாள் பட்டியலைத் திறந்து திறந்து மூடினேன். வெள்ளிக்கிழமை குழுவில் எழுதினேன்: "தொண்டை கட்டிப்போச்சு, ஆராவது வாசிப்பியளோ?"

உடனே பதில் வந்தது. "நான் வாசிக்கிறன் அக்கா." கீழே இருக்கிற அவள்தான்.

கொஞ்ச நேரத்தில் கொத்தமல்லித் தண்ணியோடு படியேறி வந்தாள். இஞ்சியும் மிளகும் போட்டு அவித்திருந்தாள்.

"சூட்டோட குடியுங்கோ அக்கா."

ஒரு நோவும் இல்லாத தொண்டையால் அவ்வளவையும் குடித்தேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

ஞாயிறு அவள் வாசித்தாள். எந்த வரியில் தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பாளோ என்று கோயில் வாங்குப் பலகையின் நுனியில் இருந்தேன். அவள் பார்க்கவேயில்லை. சொல் பிழைத்துவிடுமோ என்ற பயத்தில் விரலை வரியில் வைத்து, மெதுவாக வாசித்து முடித்தாள். கணவர் பக்கத்தில் இருந்து, செற்றி எப்போது வரும் என்று போனில் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் அவள் ஓடிவந்தாள்.

"பிழையில்லாமல் வாசிச்சனானோ அக்கா?"

"ஓம், வடிவா வாசிச்சனீர்."

நீங்கள் எழும்ப வேண்டாம், இருங்கோ. அதைத்தான் சொல்ல வேண்டும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கணவர் காருக்குள் இருந்து ஹோன் அடித்தார்.

"தொண்டை இப்ப எப்பிடி அக்கா?"

"இன்னும் கட்டித்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப பின்னேரமும் அவிச்சுக்கொண்டு வாறன். மற்றச் சாமானெல்லாம் பெட்டியில கட்டியாச்சு. அந்தச் சட்டியை மட்டும் உங்களுக்கெண்டு வெளியில வைச்சிருக்கிறன்."