ஆபேல் பட்டணம் போய் வந்த விதம்

ஆம்பூர்ப் பாலாற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்புகளில் வேலை பார்த்தவர்களுள் ஆபேலைப் போல ஊர் சுற்றாத மனிதர் வேறொருவர் இருந்ததாகத் தெரியவில்லை. நாற்பத்து மூன்று வயதுவரை அவர் கிழக்கே கண்ட எல்லை ரயில்வே கேட். மேற்கே கண்ட எல்லை மாமனார் வீடு. மாமனார் காலமான பிறகு மேற்கும் சுருங்கிவிட்டது. ஒரே மகள் கிரேஸியை அரக்கோணத்தில் கட்டிக் கொடுத்தார். கல்யாணம் பெண் வீட்டுச் சபையில் நடந்தபடியால் அதற்கு அவர் வந்திருந்தார். பேரனுக்கு அரக்கோணத்தில் ஞானஸ்நானம் என்று கடிதம் வந்தபோது, குழந்தையின் உடம்புக்கு ஆம்பூர்த் தண்ணீர்தான் ஒத்துக்கொள்ளும், இங்கேயே கொண்டு வந்துவிடுங்கள் என்று பதில் எழுதினார். குழந்தை ஆம்பூரை அதுவரை பார்த்ததே இல்லை என்பதை அவர் ஒரு தடையாகக் கருதவில்லை.

ஊர்மேல் அவருக்கு விரோதம் ஒன்றும் கிடையாது. வெளியே போனால் மனிதர்கள் இருக்கிறார்கள். மனிதர்கள் இருந்தால் கேள்வி கேட்கிறார்கள். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தது தயாராகிவிடுகிறது. அவர் சொன்ன காரணம் இவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையார் கோயில் வாசலில் நின்று அரை மணி நேரம் பேசிக் கலைவது வழக்கம். அந்த அரை மணி நேரமும் ஆபேல் உள்ளே கண்ணை மூடி ஜெபத்தில் இருப்பார். வாசல் காலியான சத்தம் கேட்டதும் ஆமென் சொல்லி எழுந்திருப்பார். அந்தச் சபையிலேயே பக்தி மிகுந்தவர் ஆபேல்தான் என்பது போதகரின் தீர்மானமான அபிப்பிராயம்.

வேலையும் அவருக்கென்றே செய்து வைத்தது போல அமைந்தது. நசீர் அகமது சாயபுவின் ஷாப்பில், பதமாகி உலர்ந்து வந்த ஆட்டுத் தோல்களைத் தரம் பிரிக்கும் வேலை. வடக்கு ஜன்னலோரம் ஒரு மணை. தோலை மடியில் போட்டு, வலது கட்டைவிரலை முதுகிலிருந்து வயிறுவரை ஒரு முறை ஓட்டுவார். முதல் ரகம், இரண்டாம் ரகம், மூன்றாம் ரகம், ரிஜெக்ட். ஒரு நாளைக்கு ஐந்நூறு பேரைச் சந்தித்தாலும் அவர்களில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. பதினாறு வருஷம் இப்படி நிம்மதியாகப் போயிற்று.

ஒரு மார்கழிக் காலையில் சாயபு அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஆபேலு, பெரியமேட்டுத் தரகர் கடுதாசி போட்ருக்காரு. நம்ம மார்க்கு முதல் ரகக் கட்டுல ரெண்டாம் ரகம் கலந்துகீதாம். கப்பல்ல ஏத்த மாட்டேன்னு நிறுத்திட்டாங்களாம்."

"நான் பாத்த கட்டுல கலக்காதுங்க, மொதலாளி."

"அத்த இங்க குந்திகினு சொன்னா ஆவுமா? பட்டணம் போய்ப் பாத்துட்டு வா. நம்ம தப்பா, அவங்க தப்பா, எனக்குத் தெரியணும்."

"குமாஸ்தா ஐயா போனா..."

"ராமமூர்த்திக்குத் தோலுக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாது."

மேஜையருகே உட்கார்ந்திருந்த குமாஸ்தா ராமமூர்த்தி, தம்மைப் புகழ்ந்ததாகவே எடுத்துக்கொண்டு தலையசைத்தார்.

"நம்ம தப்பா இருந்தா, மொதலாளி?"

"வாணியம்பாடிக்காரன் ஒருத்தன் ரெண்டு மாசமா வேலைக்கு என் வாசல்ல நிக்கிறான். ஜன்னல் அவனுக்கு."

ஆபேலுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு ஜன்னலும் தெரியாது. இரண்டு நாள் பயணம் என்று முடிவாயிற்று.

புறப்பட்ட அன்று தெருவே திரண்டது. போகாதவர் போகிறார் என்றால் சும்மாவா? எதிர் வீட்டு ஜெயம்மாள் தன் புருஷனுக்கு மூக்குப்பொடி வாங்கி வரச் சொன்னாள். போதகர் பட்டணத்துச் சபையார் அனைவருக்கும் தம் வாழ்த்துதல்களைச் சொல்லச் சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, தகரப் பெட்டியும் கட்டுச்சோறுமாக ஆபேல் ஸ்டேஷனுக்குப் போனார்.

ரயில் வந்தது. மூன்றாம் வகுப்பில் ஏறக் காலைத் தூக்கி வைத்தார். உள்ளேயிருந்து ஒருவர், "வாங்க, எந்த ஊருக்கு?" என்றார். ஆபேல் காலை எடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனார். அங்கே ஒருவர் நகர்ந்து உட்கார்ந்து, பலகையைத் தட்டிக் காட்டி, வாய் நிறையச் சிரித்தார். பட்டணம்வரை அந்தச் சிரிப்புக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். ஆபேல் கடிகாரத்தைப் பார்ப்பது போலத் திரும்பினார். ரயில் போய்விட்டது.

இருட்டும்வரை கூட்ஸ் கொட்டகைக்குப் பின்னால் இருந்துவிட்டு, ஆற்று மணல் வழியாகச் சுற்றி வந்து, வீட்டுக் கொல்லைக் கதவைத் தட்டினார். மனைவி கிருபா திறந்தாள்.

"இன்னாங்க, ரயிலு போவலியா?"

"போச்சு."

"நீங்க?"

"நான் போவல."

"கர்த்தாவே! சோத்து மூட்டையாவது ஏறிச்சா?"

ஆபேல் திட்டத்தை விளக்கினார். இரண்டு நாள் பரண்மேல் இருப்பது. மூன்றாம் நாள் ரயில் வரும் நேரத்துக்கு ஸ்டேஷனுக்குப் போய்க் கூட்டத்தோடு இறங்கி வருவது. 'அவங்க தப்பு' என்று சாயபுவிடம் சொல்லிவிடுவது. தோல் தொழிலில் தப்பு எப்போதும் அவங்களுடையதுதான் என்பதால் இதில் சந்தேகத்துக்கு இடமில்லை. இரண்டு நாள் முழுதாக வீட்டில், யார் கண்ணிலும் படாமல். தேவன் மனிதனுக்கு இதைவிட என்ன கொடுத்துவிட முடியும்?

புருஷன் ஊரில் இல்லாத வீட்டுப் பெண்ணைத் தனியாக விடக் கூடாது என்ற வழக்கத்தை மட்டும் அவர் மறந்துவிட்டார். அவர் பரண் ஏறிய கையோடு ஜெயம்மாள் பாயைச் சுருட்டிக்கொண்டு துணைக்கு வந்துவிட்டாள். மறுநாள் காலை இன்னும் நாலு பேர், மத்தியானம் ஏழு பேர். பதினாறு வருஷத்தில் அந்த வீட்டுக்கு வந்தவர்களைவிட அந்த இரண்டு நாளில் வந்தவர்கள் ஜாஸ்தி. பரண் பலகை இடுக்கு வழியாக ஆபேல் அவர்களுடைய வகிடுகளைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"ஒன் வூட்டுக்காரு இருந்தா இந்த வாசப்படி ஏறவே பேஜாருடி" என்றாள் ஜெயம்மாள். "ரிஜெட்டுத் தோல பாக்குற மாரியே நம்மளயும் பாக்குறாரு. அவரு கணக்குல நீ எத்தினியாவது ரகம்?"

"கேட்டதில்லக்கா" என்று கிருபா சிரித்தாள். அவளுக்கு இவ்வளவு சத்தமாகச் சிரிக்க வரும் என்பது ஆபேலுக்குப் புதிய செய்தி. அதிர்ச்சியில் இருமிவிட்டார்.

"மேல இன்னாடி சத்தம்?"

"எலிக்கா."

"எலி இருமுது?"

"அதுக்கும் வயசாவுதில்ல."

இரண்டாம் நாள் மத்தியானம் செய்வதற்கு ஒன்றும் இல்லாததால் ஆபேல் தரகர் நிறுத்தி வைத்த அந்தத் தோல் கட்டை மனத்துக்குள் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். கார்த்திகை மழையில் கட்டியது. அப்போது வலது கட்டைவிரலில் நகச்சுற்று வந்து, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டியிருந்தார். லீவு போடச் சொன்னாள் கிருபா. லீவு போட்டால் உடம்பு விசாரிக்க ஆள் வரும். அதனால் பழத்தோடு வேலைக்குப் போய், நாலு நாள் இடது கட்டைவிரலால் தரம் பிரித்தார். அதுவோ பதினாறு வருஷமாகச் சும்மா இருந்த விரல். உலக அனுபவம் போதாது; யாரைப் பார்த்தாலும் நல்லவர்கள் என்று நம்பிவிடும்.

ஒவ்வொரு தோலாக நினைவில் மடியில் போட்டுப் பார்த்தார். வயிற்றுப் பக்கம் மெலிந்தது ஒன்று. ஆடு உயிரோடிருந்தபோதே முள் கீறி ஆறிய தழும்பு இரண்டு. இப்படியே போய் ஏழில் நின்றது.

ஆட்கள் கொஞ்சம் ஓய்ந்திருந்த நேரத்தில் பரணிலிருந்து மெல்லக் கூப்பிட்டார். "கிருபா, ஏழு தோலு தப்பு."

"யாரு தப்பு?"

"என் தப்பு."

"அவங்க தப்புன்னு சொல்றதாத்தான இருந்துது?"

"இருந்துது."

"வாணியம்பாடிக்காரன் நிக்கிறானேங்க!"

மனிதர்களைப் பற்றிப் பொய் சொல்வதில் அவருக்குச் சங்கடம் இருந்ததே இல்லை. இரண்டு நாளாகப் படுத்துக்கொண்டே ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஆனால் தோலைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இதை ஒழுக்கம் என்பதா, ஒரு வகை நோய் என்பதா என்று தீர்மானிப்பது கடினம்.

மூன்றாம் நாள் விடிவதற்கு முன்பே, ஜெயம்மாள் குறட்டையில் இருந்தபோது, இறங்கி ஸ்டேஷனுக்குப் போனார். ரயில் வந்து நின்றதும் கொட்டகைக்குப் பின்னாலிருந்து கூட்டத்தில் கலந்துகொண்டார். அவரை அழைத்துப் போக ராமமூர்த்தி வந்திருந்தார்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தோல் ஊறும் வாசனை என்று ஒன்று ஊரில் இருப்பது ஆம்பூர்வாசிக்குத் தெரியாது. ஆனால் இரண்டு நாள் வெளியூர்க் காற்றைச் சுவாசித்துவிட்டால் மூக்கு புதுசாகிவிடும். ரயிலை விட்டு இறங்கியதும் துண்டை மூக்கில் வைத்து, "அப்பப்பா!" என்பார்கள். அரை மணி நேரத்தில் சரியாகிவிடும். அந்த அரை மணி நேரமும் தாம் பிரயாணம் செய்தவர் என்பதற்கு அத்தாட்சி ஆகையால், பலர் அதை வீடு போகும்வரை நீட்டிப்பார்கள். அன்றைக்கு இறங்கிய இருபது பேரும் மூக்கை மூடிக்கொண்டு போனார்கள். ஆபேல் மட்டும் மார்பை விரித்து, இழுத்து மூச்சு விட்டுக்கொண்டு நடந்தார். ராமமூர்த்தி அதை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தார். ஷாப்புக்குப் போனதும் சாயபுவின் காதில் மட்டும் ஏதோ சொன்னார்.

"நம்ம தப்புதான், மொதலாளி. ஏழு தோலு" என்றார் ஆபேல்.

சாயபு நிதானமாக, "அது இருக்கட்டும் ஆபேலு. இங்க இன்னா வாசன அடிக்குது, சொல்லு?" என்றார்.

ஆபேல் நாலு பக்கமும் முகர்ந்து பார்த்தார். "ஒண்ணும் அடிக்கலீங்களே."

"எங்க இருந்த ரெண்டு நாளு?"

"பரண்மேல, மொதலாளி."

சாயபு கூரையைப் பார்த்தார்.

"ஒனக்கு முன்னாடி ஜியாவுல்லான்னு ஒருத்தன் அந்த ஜன்னல்ல இருந்தான். தகராறுன்னு அனுப்பினா ஒழுங்கா ரயிலேறிப் போவான். தரகர் போடுற விருந்தத் துன்னுட்டு வந்து, அவங்க தப்புன்னுவான். ஒரு வாட்டிகூட நம்ம தப்புன்னு சொன்னதில்ல. அவன் போய்ட்டு வந்து பொய் சொன்னான். நீ போவாமலே நெசம் சொல்ற. நான் யார நம்புறது?"

கேள்வி தம்மைக் கேட்டதாக நினைத்து ராமமூர்த்தி யோசிக்கத் தொடங்கினார். சாயபு காத்திருக்கவில்லை.

"நாளைக்கு என்கூட வா. அந்த ஏழையும் அவங்க முன்னாடி எடுத்துக் காட்டு. சரியா எடுத்தா ஜன்னல் ஒனக்கு. இல்லாட்டி வாணியம்பாடிக்காரனுக்கு."

"வரலேன்னா, மொதலாளி?"

"வரலேன்னாலும் வாணியம்பாடிக்காரனுக்குத்தான்."

யோசிக்கச் சாயங்காலம்வரை அவகாசம் வேண்டும் என்று ஆபேல் கேட்டார். வேலை போனால் நாள் முழுக்க வீட்டிலேயே இருக்கலாமே என்ற பக்கமும் அவருக்குத் தெரியாமல் இல்லை. வீட்டுக்கு வந்து கிருபாவிடம் இரண்டு பக்கத்தையும் எடுத்துச் சொன்னார்.

"போய்ட்டு வாங்க" என்றாள் கிருபா. "இந்த வாட்டி நெசமாவே போங்க. ஜெயம்மாக்கா நாளைக்கு சாயங்காலம் நாலு பேர இட்டுகினு வர்றேன்னுச்சு."

மறுநாள் போனார். சாயபு மேல் வகுப்பில் போகக்கூடியவர்; ஆளை நம்ப முடியாமல் ஆபேலோடு மூன்றாம் வகுப்பிலேயே உட்கார்ந்தார். வழியெல்லாம் தோல் பதனிடும் ஆவாரம்பட்டையின் விலை, சம்பந்தி வீட்டு வம்பு, தம் மூட்டு வலி என்று பேசிக்கொண்டே வந்தார். அரக்கோணத்தில் ரயில் பத்து நிமிஷம் நின்றது. மகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தால் பேரனைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பாள். ஆபேல் சொல்லி அனுப்பவில்லை.

பெரியமேட்டுக் கிடங்கில் தரகர் கோதண்டபாணி கட்டைப் பிரித்துப் போட்டார். குறை கண்ட தோல்களைத் தமக்கு மட்டும் தெரிய அடையாளம் செய்து கலந்து வைத்திருந்தார். ஆபேல் ஜன்னல் எங்கே என்று பார்த்து, அதன் ஓரமாக உட்கார்ந்து, வலது கட்டைவிரலை ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கோதண்டபாணி தலையசைத்தார், அவர் கண்டதும் அந்த நாலுதான். ஆபேல் நிறுத்தவில்லை. இன்னும் மூன்றை எடுத்து வைத்தார்.

"அரே, நாலுதான்யா அவங்க சொன்னது!" என்று சாயபு பல்லைக் கடித்தார்.

"ஏழுங்க, மொதலாளி. ஆம்பூர்லயே சொன்னேனே."

கோதண்டபாணி அந்த மூன்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் புரட்டிப் பார்த்தார். திரும்பி வந்து, "சாயபு, இனிமே உங்க மார்க்குக் கட்டை நான் பிரிச்சே பாக்கப் போறதில்ல" என்றார். "ஆனா ஒண்ணு. மத்தவங்க கட்டுல தகராறு வந்தா இவரைத்தான் அனுப்பணும். மாசத்துக்கு ரெண்டு வாட்டி வந்தாப் போதும்."

"மூணு வாட்டிகூட வருவான்" என்றார் சாயபு. ஜன்னல் ஆபேலுக்கு உறுதியாயிற்று.

ஆபேல் பிரித்த தோல்களைத் தட்டி அடுக்கிவிட்டு, "அந்தக் கட்டுங்கள ஆம்பூருக்கு அனுப்ப முடியாதுங்களா?" என்று கேட்டார்.

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கோதண்டபாணி அதைப் பக்கத்துக் கிடங்குக்காரரிடம் போய்ச் சொன்னார். அவர் அடுத்தவரிடம் சொன்னார். ஆம்பூர் ஆபேல் பெரிய தமாஷ் பேர்வழி என்ற பெயர் சாயங்காலத்துக்குள் பெரியமேடு முழுக்கப் பரவிவிட்டது. அதன் பிறகு அவர் போகும்போதெல்லாம், இன்றைக்கு என்ன சொல்லப்போகிறார் என்று கேட்க நாலு பேராவது கிடங்கு வாசலில் காத்திருந்தார்கள்.