சிட்டம்மாளைச் சிரிக்கச் சிரிக்க வரைந்தவள்

ஏஞ்சல் பள்ளிக்கூடம் முடித்த வருஷம், மானாம்பதி சர்ச்சில் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் கட்டும் துணியில் படம் வரையச் சொன்னார்கள். குழந்தை இயேசுவைப் பார்க்க ஒட்டகத்தில் வந்த சாஸ்திரிகள் எப்படி இருப்பார்கள் என்று அவளுக்குத் தெரியாது. தெருவில் தினம் பார்க்கிற முகங்களையே வைத்துவிட்டாள். ஆராதனை நடுவில் ஒரு குழந்தை, "டிராக்டர் ஓட்ற பெஞ்சமின் அண்ணன் ஒட்டகத்து மேல குந்திக்கினு கீது!" என்று கத்த, பாஸ்டரே சிரித்துவிட்டார். பெஞ்சமின் அந்தத் துணிக்கு முன்னால் நின்று விதவிதமாகப் போட்டோ எடுத்துக்கொண்டான். பின்னால் அவனைத்தான் அவள் கட்டிக்கொண்டாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் கடையில் ஏஞ்சலுக்குக் கம்ப்யூட்டர் வேலை. ஒருநாள் ஒருவர் இறந்துபோன அப்பாவின் ஓட்டு அட்டையோடு வந்தார். அதிலிருந்த போட்டோவைப் பெரிதாக்கினால் முகம் கட்டம் கட்டமாக உடைந்தது. "நான் வரைஞ்சி தரட்டுமா?" என்று ஏஞ்சல் கேட்டாள். படத்தை வாங்கியவர் அங்கேயே நின்று அழுதார். பிறகு அவரே இன்னொருவரைக் கூட்டிவந்தார். அப்படித்தான் அவளுக்கென்று தனிக் கடை வந்தது.

வந்ததெல்லாம் இறந்தவர்கள் படம். ஆதார் கார்டில் திருதிருவென்று முழிக்கும் முகங்களுக்குக் கொஞ்சம் நிம்மதி கொடுப்பதுதான் தன் வேலை என்பாள்.

போன நடவு முடிந்ததும் சிட்டம்மாள் வந்தாள். நடவு ஆட்களுக்குத் தலைவி. அவள் குரல் நாலு கழனி தாண்டிக் கேட்கும். புதுப் புடவை, வாய் நிறைய வெற்றிலை. பின்னால் மகன் பாண்டியன்.

"என்னை வரை பாப்பா."

பாண்டியன் பதறினான். "அக்கா, நீயாவது சொல்லு. உசுரோட கீறவங்க படத்த யாராவது செவுத்துல மாட்டுவாங்களா?"

"செத்தப்புறம் மாட்னா நான் எப்டிடா பாக்கறது?" என்றாள் சிட்டம்மாள்.

ஏஞ்சல் முதன்முறையாக உயிருள்ள முகத்துக்கு முன்னால் பிரஷ் பிடித்தாள். அந்த முகமோ ஒரு நிமிஷம் சும்மா இருக்கவில்லை. பேச்சு, பேச்சுக்கு நடுவில் சிரிப்பு. வாயை மூடி வரைய முடியாது என்று தெரிந்ததும் ஏஞ்சல் அந்தச் சிரிப்பையே வரைந்தாள், முன்பல் இல்லாத சந்தோடு.

"அந்தப் பல்ல மட்டும் வெச்சி வுடுக்கா," என்று கெஞ்சினான் பாண்டியன்.

"பூட்ட பல்லு பூட்டதுதான். கீற சிரிப்ப ஒயுங்கா போடு பாப்பா."

கண்ணாடி போட்ட படத்தை பெஞ்சமின் லோடு ஆட்டோவில் நிறுத்தி, சிட்டம்மாளை அதற்குப் பின்னால் பிடித்துக்கொண்டு உட்காரவைத்தான். வண்டி தெருவில் திரும்பியது. வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்த அவள் நாத்தனார் வாசலில் நின்றிருந்தாள். முதலில் கண்ணில் பட்டது படம்.

"அய்யோ அண்ணி! சொல்லாம பூட்டியே!"

மார்பில் அடித்துக்கொண்டு அவள் ஓடிவர, தெருவே கூடிவிட்டது. படத்துக்குப் பின்னாலிருந்து சிட்டம்மாள் தலையை நீட்டினாள்.

"இன்னாடி, யாரு பூட்டது?"

நாத்தனார் சிட்டம்மாளைக் கட்டிப்பிடித்து முதுகில் அடித்தாள், மறுபடி கட்டிப்பிடித்தாள். அழுகை எப்போது சிரிப்பானது என்று யாருக்கும் தெரியாது. சாயங்காலமே அவள் கேட்டாள், "எனக்கும் ஒண்ணு போடுவாளா அந்தப் பொண்ணு?"

இப்போது ஏஞ்சல் கடையில் உயிரோடிருப்பவர்கள் கூட்டம்தான் அதிகம். தலைக்கு எண்ணெய் வைத்து, பூ வைத்துக்கொண்டு வந்து உட்காருகிறார்கள். போன வாரம் ஏரிக்கரைக் குடியிருப்பிலிருந்து பொன்னனும் பொன்னியம்மாளும் ஜோடியாக வந்தார்கள். கரும்பு வெட்டிவிட்டு வந்த அலுப்பு. ஃபேன் காற்று பட்டதும் பொன்னன் மனைவி தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

"எழுப்பட்டுமாம்மா?" என்று மெதுவாகக் கேட்டாள் ஏஞ்சல்.

பொன்னியம்மாள் தோளை அசைக்காமல் சொன்னாள். "வாணாம் பாப்பா, அப்டியே வரை. இந்தாளு இவ்ளோ அயகா இருப்பாருன்னு இப்பத்தான் பாக்கறேன்."

ஏஞ்சல் ஃபேனை அவர் பக்கம் நன்றாகத் திருப்பிவிட்டு, பழுப்பு நிறத்தைக் குழைக்க ஆரம்பித்தாள்.